மகளின் தட்டில் படிந்த தூசி

நெய்வேலி குவார்ட்டர்ஸில் துடைத்த இடத்தில் மறுநாளே தூசி படிந்துவிடும். அதனால் என் கையில் எப்போதும் ஒரு துணி இருக்கும்.

பி.எஸ்ஸி. படிக்கும் என் மகளுக்கு, கல்லூரியில் ஆய்வு செய்ய உதவித்தொகை கிடைத்தது. ஒரு மாதத்தில் படியும் தூசியை எடைபோட, மொட்டை மாடியில் ஆறு தட்டுகள் வைத்திருந்தாள். வடகம் காயவைக்கப் போன நான், பழக்கதோஷத்தில் ஆறையும் பளபளவென்று துடைத்துவிட்டேன். மறுநாள்தான் எடைபோட வேண்டிய நாள்!

"ஏதோ ஒரு நம்பர் போட்டுடேன்டி" என்றேன், பயத்தில்.

"அப்புறம் அது ஆராய்ச்சியே இல்லம்மா" என்று அழுதபடியே பேராசிரியைக்குப் போன் செய்தாள்.

"நடந்தத அப்படியே எழுதும்மா. இன்னொரு மாசம் டைம் வாங்கித் தர்றேன்" என்றார் அவர்.

இப்போதெல்லாம் துணியைக் கீழேயே வைத்துவிட்டுத்தான் மாடி ஏறுகிறேன். இருபது வருடமாக விரட்டிய தூசிக்கு இன்று நானே காவல்!