சிவப்பும் பச்சையும் ஒரே கம்பியில்

விக்கிரவாண்டியில் அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும் ஈயம் உருகும் வாசனை மூக்கில் ஏறியது. அவள் மகன் காலேஜ் வேலைக்காக ஏதோ சால்டர் வைத்துக்கொண்டிருந்தான்.

திண்டிவனத்தில் எங்கள் வீடு முழுக்க இந்த வாசனைதான். அப்பா முன்னறையில் ரேடியோ ரிப்பேர் பார்த்தார். சூடான சால்டரிங் கம்பியை நீட்டியபடியேதான் எங்களோடு பேசுவார். பத்தாவது முடித்த அக்கா பாலிடெக்னிக் சேரணும் என்றபோது, ஒரு பலகையை அவள் முன் வைத்தார். ஒரே கம்பியில் அடுத்தடுத்து ஒரு சிவப்பு எல்இடி, ஒரு பச்சை எல்இடி, இரண்டு சுவிட்சு. ஒரே கம்பி என்பதால் ஒரு சுவிட்சை அணைத்தாலே இரண்டு விளக்கும் அணைய வேண்டும். ஆனால் ஒவ்வொரு சுவிட்சும் ஒரு விளக்கை மட்டுமே அணைத்தது.

"எப்படின்னு சொல்லு, சேக்கறேன்" என்றார்.

அக்கா சோறு தண்ணி மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "கரண்டு ரெண்டு பக்கமும் மாறி மாறி ஓடுதுப்பா. சுவிட்சுக்கு அடியில, விளக்குக்குப் பின்னால, கரண்டை ஒரு பக்கமா மட்டும் விடுற டயோடு ஒளிச்சு வச்சிருக்கீங்க" என்றாள்.

"தப்பு. போய் அடுப்பைப் பாரு."

அந்த வைகாசியிலேயே அவளுக்குக் கல்யாணம் ஆனது.

இப்போது அக்கா வீட்டில் படுக்கையில் கிடக்கும் அப்பாவுக்கு அவள்தான் கேப்பைக்கூழ் ஊட்டிக்கொண்டிருந்தாள். "அந்தப் பலகையில என்னதான்ப்பா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

அப்பா சிரித்தார். "டயோடுதான். இவ சொன்னது கரெக்டு. பொட்டப்புள்ள காலேஜுக்குப் போய்க்கினு இருந்தா எவன் கட்டிக்குவான்?"

அக்கா அவர் வாயைத் துடைத்தாள். "இத்தினி வருசமா நான் மக்குன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள். எழுந்துபோய் மிச்சக் கூழை வாசலில் நின்ற நாய்க்கு ஊற்றினாள்.

அப்பா வாயைத் திறந்தபடியே இருந்தார்.