பெயர் கொடுக்க வேண்டாம் என்றேன்

தம்பியின் மனைவி அந்தப் பத்திரத்தைப் பற்றிக் கேட்டபோது நான் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டு நின்றேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். போனை ஸ்பீக்கரில் போட்டு மைக்ரோவேவுக்கு மேலே வைத்திருந்தேன். அவள் இருப்பது அமெரிக்காவில். செயின்ட்-மிஷேலில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து காரில் ஆறு மணித்தியாலம், நடுவில் நாட்டு எல்லை.

"மச்சாள், கையெழுத்து வைக்கிறதோ விடுறதோ? நாளைக்குள்ள சொல்லவேணுமாம். இவர் உங்களிட்டைத்தான் கேக்கச் சொன்னவர்."

நானும் அவளை மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன். இவர் என்றால் என் தம்பி. அவனைத் தடுப்பு நிலையத்தில் அடைத்து அன்றைக்கு இருபத்து மூன்றாவது நாள்.

அவன் அங்கே போய்ப் பதினாலு வருடம். அகதிக் கோரிக்கையை நிராகரித்துவிட்டார்கள், ஆனால் திருப்பி அனுப்பவில்லை. வருடத்துக்கு ஒருதரம் குடிவரவு அலுவலகத்துக்கு வந்து கையெழுத்து வைத்துவிட்டுப் போ என்று விட்டிருந்தார்கள். அவனும் ஒரு வருடம் தவறவிடாமல் போனான். பெற்றோல் ஷெட்டில் வேலை, இரண்டு பிள்ளைகள், தன் பாட்டில் இருந்தான். இப்போது இருக்கும் ஜனாதிபதி வந்த பிறகு, வழமைபோலக் கையெழுத்து வைக்கப் போனவன் வீட்டுக்கு வரவில்லை. வாசலில் காரை நிறுத்திவிட்டுக் காத்துக்கொண்டிருந்த மனைவிக்குப் பின்னேரம் நாலு மணிக்குத்தான் ஒருவர் வந்து சொன்னாராம்.

கொழும்புக்குப் போகும் விமானத்தில் அவனை ஏற்றிவிடுவார்கள் என்பதுதான் எங்கள் பயம். அங்கே இறங்கினால் அவனை யார் எங்கே கூட்டிக்கொண்டு போவார்கள் என்பதை நான் யோசிக்கத் தொடங்கினால் கை வேலை செய்யாது. அதனால் யோசிக்காமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை.

பத்திரம் இதுதான். அவள் இருக்கும் தொகுதிக்கு ஒரு சபை உறுப்பினர் இருக்கிறார், எதிர்க்கட்சிக்காரர். அவருடைய அலுவலகத்தில் வேலை செய்யும் ஒரு பெண்பிள்ளை மச்சாளுக்குப் போன் எடுத்திருக்கிறாள். வியாழக்கிழமை குடிவரவுக்குப் பொறுப்பான பெரிய அதிகாரியைச் சபைக் குழு விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறது. தடுத்து வைத்திருக்கும் ஆட்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து, இவர் எங்கே, ஏன் பிடித்தீர்கள் என்று கேட்கப் போகிறார்கள். தம்பியின் பெயரையும் சேர்க்கலாம். ஆனால் அவன் விபரங்களை வெளியே சொல்வதற்கு அவனே சம்மதித்துக் கையெழுத்து வைக்கவேண்டும். திங்கட்கிழமை சந்திப்பு நேரத்தில் மச்சாள் கொண்டுபோனால் வைப்பான்.

மகள் மேசையில் இருந்து படித்துக்கொண்டிருந்தாள், காதை எங்கள் பக்கம் வைத்துக்கொண்டு. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். சபை, குழு, விசாரணை எல்லாம் அவள்தான் எனக்குப் பிரித்துச் சொல்லவேண்டும்.

"அம்மா, அங்க ரெண்டு சபை. மேற்சபை ஜனாதிபதியின்ர ஆக்களிட்டை இருக்கு. கீழ்ச்சபை எதிர்க்கட்சியிட்டை. கொஞ்சப் பேர்தான் அதிகம், ஆனா அதிகம்தான். கீழ்ச்சபை ஜனாதிபதியை விலத்தவேணும் எண்டு வாக்குப் போட்டாலும் மேற்சபை விடாது. சட்டம் கொண்டுவந்தாலும் விடாது."

"அப்ப அந்தச் சபை என்னத்துக்கு?"

"கேள்வி கேக்கலாம். ஆளைக் கூப்பிட்டு, சத்தியம் பண்ண வைச்சுக் கேக்கலாம். எல்லாம் பதிவில ஏறும்."

"கேட்டால் சொல்லுவினமோ?"

"சொல்லாட்டித் திருப்பிக் கேப்பினம்."

"நல்ல சம்பளத்தோட நல்ல வேலை" என்றேன்.

மச்சாள் போனில் சிரிக்கவில்லை. "என்ன சொல்லுறியள் மச்சாள்?" என்றாள்.

எனக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது எங்கள் பெரியண்ணையை ஆமிக்காரர் சந்தியில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். சில மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து விசாரணைக்கு என்று ஆட்கள் வந்தார்கள். காணாமல் போனவர்களின் பெயரைத் தாருங்கள், மேலிடத்தில் கேட்கிறோம் என்றார்கள். அம்மா வரிசையில் நின்று அண்ணையின் பெயரையும், எங்கள் விலாசத்தையும், சாட்சி என்று பக்கத்து வீட்டுக்காரரின் பெயரையும் கொடுத்தா. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரரைக் காணவில்லை. பிறகு அவருடைய மனைவி எங்கள் படலை வாசலைத் தாண்டும்போது தலையை நிமிர்த்த மாட்டா. கேட்கிறோம் என்று வந்தவர்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பெயர்களை எழுதிய கொப்பி மட்டும் எங்கேயோ போய்ச் சேர்ந்திருந்தது. ஆகையால் இதை எழுதும்போதுகூட நான் ஒருவருடைய பெயரையும் எழுதவில்லை.

"மச்சாள், நீர் ஒண்டையும் கொண்டுபோகாதையும்" என்றேன். "இப்ப அவன் ஆயிரம் பேருக்குள்ள ஒருத்தனாக் கிடக்கிறான். பெயர் போனா அவங்களுக்குக் கோபம் வரும். முதலாவது விமானத்தில ஏத்துவாங்கள். கிடக்கட்டும், சத்தம் போடாமக் கிடக்கட்டும்."

"அந்தப் பிள்ளை நல்லாக் கதைச்சவள் மச்சாள்."

"எல்லாரும் நல்லாத்தான் கதைப்பினம்."

"சரி. நீங்கள் சொன்னாச் சரி" என்று வைத்துவிட்டாள்.

மகள் பேனையை மேசையில் போட்டாள். "அம்மா, அது இலங்கை இல்லை."

"நீ ஆமியைப் பாக்கேல்லை."

"நீங்கள் அமெரிக்காவே பாக்கேல்லை."

உருளைக்கிழங்கைக் கழுவினேன்.

நான் வேலை செய்வது ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து அனுப்பும் இடத்தில். சூடான உருளைகளுக்குள் விரிப்பைக் கொடுக்கவேண்டும், ஒரு மூலையை நான் பிடித்தால் மற்ற மூலையை இன்னொருவர் பிடிக்கவேண்டும். ஏழு வருடமாக மற்ற மூலை ஒரு ஹெயிட்டிக்காரியிடம். எனக்கு அரைகுறை பிரெஞ்சு, அவளுக்கு அவளுடைய பிரெஞ்சு. அவளுடைய அக்காவின் மகனும் அமெரிக்காவில் தடுப்பில் இருந்தான், தம்பி இருந்த அதே இடத்தில். அவனுக்கும் அதே பத்திரம் போயிருந்தது.

"அக்கா வெள்ளிக்கிழமையே கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டாள்" என்றாள் திங்கட்கிழமை. "நீங்கள்?"

நான் விரிப்பின் ஓரத்தை நேராக்கினேன். "யோசிக்கிறோம்."

"என்ன யோசனை, மா ஷேர், என் கண்ணே? ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கிறார்கள். இன்னும் எப்படிப் பிடிப்பார்கள்?" பிறகு தானே சொன்னாள்: "ஆனால் பெரிதாக ஒன்றும் நடக்காதுதான். எங்கள் டூப்ளெக்ஸ் மாதிரி. கீழ்வீட்டுக்காரி நான் கத்தலாம், விளக்குமாற்றுத் தடியால் கூரையில் இடிக்கலாம். மேல்வீட்டுக்காரன் பாட்டை நிறுத்தவா போகிறான்?"

"அப்போ ஏன் கையெழுத்து வைத்தீர்கள்?"

"இடிக்கிறேன் என்றாவது அவனுக்குத் தெரியவேண்டாமா?"

வியாழக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் தன் போனை உப்புப் போத்தலில் சாய்த்து வைத்தாள். இரண்டு பேரும் ஒரு கதிரையில் பாதி பாதியாக உட்கார்ந்து பார்த்தோம். அந்தப் பெரியவர் வந்திருந்தார். நீலச் சூட், முன்னால் தண்ணீர்க் கிளாஸ், பின்னால் மூன்று நாலு பேர் காகிதங்களோடு. ஜனாதிபதியின் கட்சி உறுப்பினர்கள் அவரைப் புகழ்ந்து நேரத்தை ஓட்டினார்கள். அவர் தலையை ஆட்டி ஆட்டித் தண்ணீர் குடித்தார். பிறகு மச்சாளின் தொகுதி உறுப்பினரின் முறை வந்தது. தடித்த கண்ணாடி போட்ட வயதான மனிசி. ஒரு தாளை எடுத்துப் பெயர்களை வாசித்தா. ஒவ்வொரு பெயருக்கும் பிறகு நிறுத்தி, அந்த ஆள் நிமிரும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தா.

மூன்றாவது பெயர் ஹெயிட்டிக்காரியின் அக்கா மகனுடையது. அவள் மேசையில் அடித்த அடியில் போன் விழுந்துவிட்டது. எடுத்து நிமிர்த்தியபோது அந்தப் பெரியவர், இந்த விபரம் இப்போது கையில் இல்லை என்றார்.

"எப்போது இருக்கும்?"

"எழுத்தில் தருகிறோம்."

"எத்தனை நாளில்?"

அவர் பின்னால் திரும்பி ஒருவரிடம் குசுகுசுத்தார். "பத்து நாளில்."

"அதுவரைக்கும் இந்தப் பெயர்களில் ஒருவரையும் நாட்டை விட்டு அனுப்ப மாட்டீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?"

மறுபடியும் பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு, அப்படித்தான் நம்புகிறேன் என்றார். மனிசி அதை எழுதிக்கொண்டா.

"உன் தம்பி எத்தனையாவது?" என்று கேட்டாள் ஹெயிட்டிக்காரி.

"அவனுடைய பெயர் வராது."

அவள் என்னைப் பார்த்தாள். தன் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து பொரித்த வாழைக்காயில் பாதியை எடுத்து என் பெட்டிக்குள் வைத்தாள். நான் பெட்டியை மூடினேன்.

அன்றைக்குப் பின்னேரமே மச்சாளுக்குப் போன் எடுத்தேன். பஸ் தரிப்பில் நின்று, காற்றில் கத்தி. "சனிக்கிழமை பாக்கப் போகேக்கை அந்தப் பேப்பரைக் கொண்டுபோம். உடன வைக்கச் சொல்லும்."

"நீங்கள்தானே மச்சாள் வேண்டாம் எண்டனீங்கள்."

"இப்ப வை எண்டுறன்."

சனிக்கிழமை அவள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் இருந்தவன் கணினியைப் பார்த்துவிட்டு, அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றானாம். மாற்றிவிட்டார்கள். எங்கே என்று அவனுக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல முடியாது. சின்னவள் அவனிடம், "அப்பாவின்ர ஜாக்கெட் இங்கயோ இருக்கு?" என்று கேட்டாளாம். தம்பியின் போன் அழைப்பும் அதோடு நின்றது.

அலுவலகப் பிள்ளைக்கு மகள் எடுத்துக் கதைத்தாள். நான் பக்கத்தில் நின்று அவளுடைய முகத்தைப் பார்த்தேன். ஆளைத் தேடுவதற்கும் ஆளின் கையெழுத்துத்தான் வேண்டுமாம். "ஆளைக் காணேல்லை எண்டுதானே அம்மா தேடச் சொல்லுறம்" என்று மகள் என்னிடம் திரும்பிக் கத்தினாள், நான்தான் அந்தச் சட்டத்தைப் போட்டதுபோல. கடைசியில், மனைவியின் கையெழுத்தை வைத்து முயற்சி செய்கிறோம், இன்னொரு விசாரணை வருகிறது, அதில் பெயரை வாசிப்போம் என்று அந்தப் பிள்ளை சொன்னாள். மச்சாள் பத்து நிமிடத்தில் கையெழுத்து வைத்து அனுப்பினாள்.

இடையில் ஹெயிட்டிக்காரியின் அக்காவுக்குப் பதில் வந்தது. ஒரு பக்கக் கடிதம். மகன் எந்த இடத்தில் இருக்கிறான், வழக்கு எந்த நிலையில், அடுத்த தவணை எப்போது. விடவில்லை, ஆனால் அவன் ஓரிடத்தில் இருந்தான், அந்த இடத்துக்கு விலாசம் இருந்தது. அவள் என் முன்னால் சந்தோசப்படாமல் இருக்கப் பாடுபட்டாள். விரிப்பை மடிக்கும்போது எனக்கு முகம் காட்டாமல் மற்றப் பக்கம் பார்த்தாள்.

இரண்டாம் விசாரணைக்கு முதல் நாள் மகள் போனில் செய்தி பார்த்துக்கொண்டு, நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் வந்தாள். ஜனாதிபதி சொல்லிவிட்டாராம், இனிமேல் தன்னுடைய அதிகாரிகள் ஒருவரும் அந்தக் குழுவுக்கு முன்னால் போகத் தேவையில்லை என்று. குழு கட்டாய அழைப்பாணை அனுப்ப வாக்கெடுத்திருக்கிறது. அந்தக் கொஞ்சப் பேர் அதிகமாக இருந்ததால் வென்றும் விட்டது.

"அப்ப வரத்தானே வேணும்?"

"வராட்டிக் கோட்டுக்குப் போகவேணும் அம்மா. அது மாசக்கணக்கா இழுக்கும்."

"மேற்சபை சொன்னா?"

"மேற்சபை சொல்லாது."

"கீழ்ச்சபை ஆளைக் கூப்பிட்டுக் கேக்கலாம் எண்டு சொன்னாய்."

"கேக்கலாம் எண்டுதான் சொன்னனான்." அவளுடைய குரல் உடைந்தது. மாமா என்றால் அவளுக்கு உயிர். வருடம் தவறாமல் அவளுடைய பிறந்தநாளுக்குக் காலை ஆறு மணிக்கே போன் எடுத்துப் பாட்டுப் பாடுவான், கழுதைக் குரலில்.

அடுத்த நாள் மத்தியானம் மறுபடியும் அதே மேசை, அதே போன். இந்த முறை ஹெயிட்டிக்காரி எனக்கு முழுக் கதிரையையும் விட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். திரையில் அந்த நீண்ட மேசை தெரிந்தது. தண்ணீர்க் கிளாஸ் வைத்திருந்தார்கள். பெயர்ப் பலகையும் வைத்திருந்தார்கள். கதிரையில் ஒருவரும் இல்லை. ஜனாதிபதியின் கட்சி உறுப்பினர்கள், இது வெறும் நாடகம் என்று சொல்லிவிட்டு ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள்.

மனிசி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினா. முந்திப் போலவே ஒவ்வொரு பெயருக்கும் பிறகு நிறுத்தி, கதிரையைப் பார்த்தா. ஐந்தாவதாகத் தம்பியின் பெயர். எங்கள் அப்பாவின் பெயரோடு சேர்த்து, நீளமாக. பாதியில் தடக்கி, நிறுத்தி, பதிவில் பிழையாக ஏறக்கூடாது என்று சொல்லி, முதலில் இருந்து மெல்ல மெல்லத் திரும்ப வாசித்தா. இவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டா. பிறகு வழமையான அளவு நேரம் காத்துக்கொண்டிருந்தா. ஆறாவது பெயருக்குப் போனா.

வேலை தொடங்கும் மணி அடித்தது. உருளைகளுக்குப் போக எழும்பும்போது என் போன் அதிர்ந்தது. மச்சாள்.

"கேட்டனீங்களோ மச்சாள்? இவரின்ர பெயர் வாசிச்சவா. ரெண்டு தரம் வாசிச்சவா." மூச்சு வாங்கினாள். ஓடி வந்தவள்போல இருந்தது.

"கேட்டன்."

"என்ர போனில படம் சரியில்லை. ஆர் பதில் சொன்னது எண்டு தெரியேல்லை, எனக்குக் கதிரை மட்டும்தான் தெரிஞ்சது. உங்கட பக்கம் ஆள் தெரிஞ்சதோ? என்ன சொன்னவர்?"

மகளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சமாளிக்கலாம் என்று ஒரு நிமிடம் யோசித்தேன்.

"இல்லை மச்சாள்" என்றேன். "எனக்கும் கதிரை மட்டும்தான் தெரிஞ்சது."