தர்மபுரத்திலிருந்து கொண்டுவந்த பச்சைச் சோறு

முந்தாநாள் தர்மபுரம் போனேன், சுற்றிப் பார்க்க அல்ல. வவுனியாவில் எங்கள் வளவில், பைகளில் வைத்த முந்திரிகைக் கன்றுகள் (திராட்சைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) இரண்டு வருடமாக வேர் கறுத்து அழுகிச் செத்தன. மூன்றாம் தடவையாக முப்பது தடி நட்டிருந்தேன். இவையும் போனால் பந்தலைப் பிரித்துவிடுவேன் என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். அலுத்துவிட்டது.

காலை ஆறரைக்கு பஸ். பரந்தன் வரை எண்பது கிலோமீட்டர் அளவில் வரும், பாதி வழி நின்றேன். பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு பஸ்ஸுக்கு ஐம்பது நிமிடக் காத்திருப்பு. தர்மபுரத்தில் இறங்கியதும் ஓட்டோ, முந்நூறு ரூபாய்.

"பூஞ்சண அக்காவிட்டையோ? என்ரை கத்தரிக்கும் அவாதான் தந்தவா," என்றார் டிரைவர்.

அந்த அக்கா கன்றுமேடை வைத்து, கன்றுகள் வளர்த்து விற்பவர். அரைவேக்காட்டுச் சோற்றில் நல்ல பூஞ்சணத்தை வளர்க்கிறார். அது வேரைச் சுற்றிப் படர்ந்து, அழுகல் பூஞ்சணத்தை அண்டவிடாதாம். அவருடைய கன்றின் வேர் வெள்ளையாக இருந்தது. பார்க்கப் பொறாமையாக இருந்தது.

"நீங்கள் மருந்து அடிக்கிறனீங்களோ?" என்று கேட்டார் அக்கா.

"ஓம், கிழமைக்கு ஒருக்கா."

"இதைப் போட்டால் ரெண்டு கிழமைக்குப் பூஞ்சண மருந்து அடிக்காதேங்கோ. நல்லதும் செத்துப்போம். வீட்டிலயும் சொல்லி வையுங்கோ, இது பழுதான சோறில்லை எண்டு."

சொப்பின் (பிளாஸ்டிக்) பையில் அந்தச் சோறு ஒரு கிலோ தந்தார். மாலை ஏழரைக்கு வீடு வந்து, பையைக் குசினி மேசையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் படுத்துவிட்டேன்.

காலையில் பை இல்லை.

"சோறு பச்சை பிடிச்சு மணந்தது. கோழிக்கும் போடேலாது. சுடுதண்ணி ஊத்திக் குப்பைக் கிடங்கில கொட்டிட்டன்," என்றாள் மனைவி.

எனக்குக் கோபம் வரவில்லை, அதற்கும் தெம்பு வேண்டுமே. சொல்லாதது நான்தான். விஷயத்தைச் சொல்லிவிட்டு, குறடை எடுத்துக்கொண்டு பந்தலடிக்குப் போனேன். அவள் கன்றுப் பைகளுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் குந்தியிருந்தாள்.

"இஞ்சேருங்கோ, கம்பியை வெட்டாதேங்கோ. நாளைக்கு நானும் வாறன்."

போகிறவர்கள் முதல் நாளே அக்காவுக்குச் சொல்லிவிடுங்கள். பையை வெயிலில் வைக்காதீர்கள், அன்றே மாட்டெருவோடு கலந்துவிடுங்கள். எவ்வளவு களைத்து வந்தாலும் வீட்டில் சொல்லிவிட்டுப் படுங்கள்.

இதைத் திரும்பும் வழியில், பரந்தன் சந்தியில் இருந்து எழுதுகிறேன். கால் உளைகிறது. புதுப் பை மனைவியின் மடியில் இருக்கிறது. என் கையில் தரமாட்டாளாம்.