கீழ்வீட்டில் அம்மை

மதியம் மூன்றரை மணிக்கு அக்கா போன் செய்தாள். "பாப்பா போய்ட்டாடி. நீ பொறுமையா வா. வண்டிய வேகமா ஓட்டாத" என்றாள். அந்த நேரத்திலும் என் வண்டியைப் பற்றி நினைக்க அவளால் முடிந்தது. போனது அவளுடைய ஒரே மகள், ஆறு வயது கவிநிலா.

அக்கா சந்திரகலா நேரு வீதி ஜவுளிக்கடை ஒன்றில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். வாடிக்கையாளரோடு வாய் ஓயாமல் பேசுகிறாள் என்று முதலாளி அலுத்துக்கொள்வாராம். மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த வாரம் வேலையை விட்டாள். அதன்பின் மூலக்குளத்தில் ஒரு மாடி அறை, ஆஸ்பத்திரி, நடுவில் கணவர் அன்பழகனின் ஆட்டோ. வேறு எங்கும் அவள் போகவில்லை. மாடிப்படி கீழ்வீட்டுக் கூடத்துக்குள்தான் இறங்கும். கீழே அன்பழகன் மாமாவின் அண்ணன் குடும்பம். ஓரகத்தி மாலாவின் கூடத்தைத் தாண்டாமல் அக்கா தெருவுக்கு வர முடியாது.

எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடத்தில் சில வெள்ளணுக்கள் முதிராமலே நின்றுவிடுகின்றன. காவல் வேலை செய்யாமல் பெருகிக்கொண்டே போகின்றன. வேகமாகப் பெருகுவதையெல்லாம் மருந்து அழிக்கிறது. முடியின் வேரும் நல்ல அணுக்களும் அதோடு போகின்றன. முதல் மாதத்திலேயே ரத்தம் தெளிந்துவிட்டது. ஆனால் எங்காவது ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும் என்பதால் இரண்டு வருடத்துக்கு மேல் மருந்து தர வேண்டும். இந்த நோயில் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துவிடுகிறார்கள். கவிநிலாவும் பிழைக்கும் வழியில்தான் இருந்தாள்.

டாக்டரம்மா ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். "வீட்ல யாருக்காவது அம்மை போட்டா அன்னிக்கே வந்துடுங்க. முதல் சில நாளுக்குள்ள ஊசி போட்டாத்தான் பலன். இவ ஒடம்புல எதுத்து நிக்க ஆள் இல்ல."

மாலாவின் மகள் பூவிழி அடிக்கடி மாடிக்கு வருவாள். "எனக்குப் பேனே வராதே! ஒன் தலைல ஊரே குடியிருக்குது" என்று மொட்டைத் தலையைத் தடவிக்காட்டிச் சீண்டுவாள் கவிநிலா. பூவிழி திடீரென்று வராமல் போனாள். காய்ச்சல் என்றார் மாமா.

பிறகு ஒரு காலையில் மாலா செம்பில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாக மேலே வந்து கவிநிலாவின் தலையில் தெளித்தாள். ரத்தம் தேவைப்பட்டபோது முதலில் கையை நீட்டியவள் அவள்தான்.

"இன்னாக்கா இது?"

"ஆத்தா நம்ம வீட்டுக்கு வந்திருக்கா கலா. பூவிழிக்கு முத்து போட்டிருக்கு. நம்ம பாப்பாவ தொடாம போயிடும்மான்னு வேண்டிக்கினு வந்தேன்."

"எப்போலேர்ந்து?"

"நாலஞ்சு நாளாச்சி. நீ பயந்துக்குவேன்னு தம்பிதான் சொல்ல வேணாம்னுச்சி."

அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாமாவிடம் ஆட்டோவை எடுக்கச் சொன்னாள்.

"பூவிழிக்கு இன்னும் தலைக்குத் தண்ணி ஊத்தல" என்றார் மாமா. "அதுக்குள்ள வாசப்படி தாண்டி ஊசி போடப் போனா ஆத்தா சும்மா விடுவாளா? ஞாயித்துக்கெழமை ஊத்துறாங்க. திங்கக்கெழமை நானே இட்னு போறேன்."

"இத்தினி நாளும் ஊசியாலதான பொழச்சிக்கினு இருக்கா?"

"அதனாலதாண்டி பயமா இருக்கு. இத்தினி கஷ்டத்துக்கு அப்பறம் சாமியையும் பகைச்சிக்கச் சொல்றியா?"

மாமா கொடியவர் இல்லை. மகளுக்காகத் தானும் மொட்டை அடித்துக்கொண்டு, முடியை வளர விடாமலே வைத்திருந்தவர். ஆட்டோவை மட்டும் எடுக்கவில்லை.

அக்கா தனியாகவே இறங்கினாள். கூடத்தில் வேப்பிலை மேல் பூவிழி படுத்திருந்தாள். மேலெல்லாம் கொப்புளம். அக்கா தன் முந்தானையால் கவிநிலாவின் முகத்தை மூடினாள். மாலா எழுந்து வாசலை மறித்தாள். திட்டவில்லை, அழுதாள்.

"போவாத கலா. நீ தாண்டிப் போயி என் புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சின்னா? ரெண்டே நாளு."

அக்கா கடைசிப் படியில் நின்றாள். பூவிழி கண்ணைத் திறந்து, "சித்தி, பாப்பாவ காட்டு" என்றாளாம். அக்கா திரும்பி மாடிக்கு ஏறிவிட்டாள்.

திங்கட்கிழமை போனபோது ஊசிக்கான நாட்கள் கடந்திருந்தன. டாக்டரம்மா கோபப்படவில்லை, வேறு மருந்து தந்து, தினமும் காட்டச் சொன்னார். அடுத்த வாரம் கவிநிலாவின் வயிற்றில் முதல் முத்து தெரிந்தது. உடனே சேர்த்தார்கள். அதற்குள் அம்மை நுரையீரலில் இறங்கிவிட்டது. கடைசியாக எடுத்த ரத்தச் சோதனையிலும் புற்று அணு ஒன்றுகூட இல்லை.

பூவிழிக்குத் தழும்புகூட அதிகமில்லை. பள்ளிக்கூடம் போகிறாள். அக்கா அதே மாடியில் இருக்கிறாள். வேறு வீடு பார்க்கலாம் என்றேன். "எங்க போனாலும் அந்தப் படியிலதான் நின்னுக்கினு இருப்பேன்" என்றாள். அவள் இறங்கும் சத்தம் கேட்டால் மாலா சமையலறைக்குள் போய்விடுகிறாள். கூடத்தை அக்கா தலை குனிந்தபடி தாண்டுகிறாள். ஜவுளிக்கடையில் மறுபடி கூப்பிட்டார்கள். போகவில்லை.

நேற்று ஒன்று கேட்டாள். புற்றுநோய்க் குழந்தைகளின் வார்டு வாசலில் ஒட்ட நாலு வரி வேண்டுமாம். டாக்டரம்மாவும் சரி என்றிருக்கிறார். "நீ படிச்சவ, நீ எழுது. சாமிய ஒண்ணும் சொல்லாத. மாலாக்கா படிச்சாலும் மனசு நோவக் கூடாது."

வீட்டில் யாருக்காவது அம்மை கண்டால் அன்றே குழந்தையை அழைத்து வாருங்கள் என்பது வரை எழுதியிருக்கிறேன். தண்ணீர் ஊற்றும் வரை காத்திருக்க வேண்டாம் என்ற வரியை இன்னும் எழுதவில்லை.