மாமாவின் பேர்ள் ஹாபர்

பேர்ள் ஹாபர் மீது ஜப்பானியர் குண்டு போட்டபோது நான் பிறந்திருக்கவில்லை. என் அப்பாவும் பிறந்திருக்கவில்லை. ஆனாலும் என் பதினொரு வயதில், அந்தத் தாக்குதலைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் மொன்றியலில் எவருமில்லை என்று உறுதியாக நம்பினேன். வயது ஏற ஏற எனக்கு நிச்சயமாகத் தெரிந்த விஷயங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. திரும்பிப் பார்த்தால், பதினொன்றுதான் என் அறிவின் உச்சம்.

ஆறாம் வகுப்பில் ஒவ்வொருவரும் ஓர் எக்ஸ்போசே செய்ய வேண்டும். அதாவது வகுப்பின் முன்னால் நின்று, தாளைப் பார்க்காமல், ஒரு வரலாற்றுச் சம்பவத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பிரெஞ்சில் பேச வேண்டும். எங்கள் ஆசிரியை மதாம், தலைப்புகளைச் சிறு துண்டுகளில் எழுதித் தன் கம்பளித் தொப்பிக்குள் போட்டுக் குலுக்கினார். மற்றவர்களுக்குத் தோல் வியாபாரமும் ரயில் பாதையும் விழுந்தன. எனக்குப் போர் விழுந்தது.

இரண்டு நாளில் எல்லாம் பாடமாகிவிட்டது. 1941 டிசம்பர் ஏழு, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு ஐம்பத்தைந்து. ஆறு விமானந்தாங்கிக் கப்பல்கள். முந்நூற்று ஐம்பத்து மூன்று விமானங்கள் இரண்டு அலைகளாக வந்து, ஹவாயில் நின்ற அமெரிக்கக் கடற்படை மீது குண்டு போட்டன. அமெரிக்கரில் இறந்தவர்கள் இரண்டாயிரத்து நானூற்று மூன்று. மறுநாள் அமெரிக்கா போரில் இறங்கியது. கனடாவோ அதற்கும் முந்தி, அன்று மாலையே ஜப்பான் மீது போர் அறிவித்துவிட்டது. இந்த நாடு எதிலாவது அமெரிக்காவை முந்தியதாக மதாம் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மதாம் புள்ளி போடுவதில் கறாரானவர். திகதி பிழைத்தால் அரைப் புள்ளி போகும். எண்ணிக்கை பிழைத்தால் அரைப் புள்ளி. கைகளைப் பொக்கெற்றுக்குள் விடக்கூடாது. சபையின் கண்களைப் பார்க்க வேண்டும். முடிவில் மெர்சி, அதாவது நன்றி, சொல்ல வேண்டும்.

அந்த வருடம்தான் மாமா எங்களிடம் வந்து சேர்ந்திருந்தார். அம்மாவின் தம்பி. கோட்-டெ-நெய்ஜில் எங்களுக்கு மூன்றாம் மாடியில் வீடு. அதில் மாமாவுக்குப் படுக்க ஹோலில் இருந்த செற்றி. பகலில் லாசாலுக்குப் போய் ஒரு தொழிற்சாலையில் பிளாஸ்ரிக் வாளிகளுக்குக் கைபிடி மாட்டினார். ஊரில் அவருக்கு மனைவியும் மகளும் இருந்தார்கள் என்பதும், ஒரு விமானம் குண்டு போட்டதில் இருவரும் இறந்துபோனார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தெரியும் என்றால், சகாரா சூடானது என்று தெரிவதுபோலத் தெரியும். நான் மூன்று வயதில் இங்கே வந்தவள். அவர்களைக் கண்டதில்லை.

டிசம்பரில் மாமாவின் அகதிக் கோரிக்கை விசாரணைக்கு வந்தது. என் எக்ஸ்போசேயும் அதே வாரம். அவர் சொல்வதை நம்பினால் இங்கே இருக்க விடுவார்கள். நம்பாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டு பரீட்சைகளில் எது பெரியது என்பதில் எனக்கு அப்போது தனிக் கருத்து இருந்தது.

அப்பா ஊரில் தபாற்கந்தோரில் இருந்தவர். திகதி முத்திரை விழாத எதையும் அவர் நம்பியதில்லை. மாமாவின் கதையைச் சட்டத்தரணி எழுதியிருந்த கடுதாசியிலிருந்து, முக்கியமான விடயங்களை மட்டும் இலக்கமிட்டு ஒரு தாளில் எழுதினார். பிறகு தன்னிடமிருந்த ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்து, நீதிபதியானார்.

“நீர் திகதியைச் சொல்லும்.”

“அண்டைக்கு முதல்நாள் மழை பெய்தது, அத்தான்.”

“அவங்கள் வானிலை அறிக்கையே கேக்கிறாங்கள்? திகதி, ஐசே, திகதி.”

மாமா மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அங்க நிண்டது நீர். எனக்கே தெரியுது, உமக்குத் தெரியேல்லையோ?”

“அவனை விடுங்கோ, தேத்தண்ணி ஆறுது” என்று குசினியிலிருந்து அம்மா சொன்னார்.

“ஆறட்டும். கீழ்வீட்டுப் பெடியன் திகதி மாத்திச் சொல்லித்தானே கேஸ் அடிபட்டது? இவனையும் பிளேன் ஏத்தி விட்டிட்டு நீர் தேத்தண்ணி குடியும்.”

அந்தத் திகதியை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை சபையில் சொன்னது போதும்.

எனக்கு மாமாவைப் பார்க்க வெட்கமாக இருந்தது. எனக்கு முந்நூற்று ஐம்பத்து மூன்று விமானங்கள், அவருக்கு ஒன்று. எனக்கு இரண்டாயிரத்து நானூற்று மூன்று பேர்; அவருக்கு இரண்டே இரண்டு. கப்பல் ஒன்றுகூட இல்லை. இவ்வளவு சின்னச் சம்பவத்தை ஒரு வளர்ந்த மனிதர் நினைவில் வைத்திருக்க முடியாதா? நான் அப்பாவின் தாளை வாங்கி ஒருமுறை வாசித்தேன். பாடமாகிவிட்டது. பிறகு மாமாவுக்கு நானே ஆசிரியை என்று அறிவித்தேன். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, நாளும் குறைவு என்று நினைத்திருக்க வேண்டும், கோட்டைக் கழற்றிவிட்டார்.

“ஒரு பிளேன்தானா மாமா?” என்று முதல் பாடத்திலேயே கேட்டேன்.

“ஒண்டு காணும், பிள்ளை.”

பாடமாக்குவதற்கு மதாம் ஒரு வழி சொல்லித் தந்திருந்தார். வீட்டுக்குள் நடந்துபோவதாக நினைத்து, ஒவ்வோர் இடத்திலும் ஒரு விடயத்தை வைத்துவிட வேண்டும். பேசும்போது மனதுக்குள் அதே வழியில் நடந்தால், வைத்தது வைத்த இடத்தில் இருக்கும். நான் வாசற்கதவில் திகதியை வைத்தேன். சப்பாத்துத் தட்டில் நேரம். ஹீற்றரில் இடம். பிரிட்ஜில் விமானங்கள். குளியலறைக் கதவில் இறந்தவர்கள். அது மரியாதையான இடமல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் வீடு அதோடு முடிந்துவிட்டது.

மாமாவுக்கும் அதே ஐந்து இடங்களைக் கொடுத்தேன். வேறு வீடு எங்களிடம் இருக்கவில்லை.

இரண்டு கிழமை, பின்னேரங்களில் நடந்தோம். முதலில் நான் என் போரைச் சொல்லிக்கொண்டு நடப்பேன், அவர் பின்னால் வருவார். பிறகு அவர் நடப்பார், நான் அகப்பைக் காம்போடு பின்னால் போவேன். என்னுடையதைத் தமிழிலும் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாவிட்டால் அவர் நடக்க மாட்டார். அவருடையதைச் சொல்லும்போது சப்பாத்துத் தட்டடியில் தடுமாறியவர், என்னுடையதைக் கேட்கும்போது ஒரு சொல் விடாமல் கேட்டார். எங்கள் வீட்டில் என் எக்ஸ்போசேயை முழுதாகக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். அதனால் அவரைக் கெட்டிக்கார மாணவர் என்று நினைத்தேன்.

ஒரேயொரு இடத்தில் மட்டும் எப்போதும் மறித்துவிடுவார். அன்று காலை ரேடாரில் இருந்த இரண்டு சிப்பாய்கள், விமானங்கள் கூட்டமாக வருவதைக் கண்டு அறிவித்தார்கள். கேட்ட அதிகாரி, அவை நம்முடைய விமானங்களாகத்தான் இருக்கும், கவலைப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என் பேச்சில் இது மூன்று வரி.

“அந்த ஒபிசருக்குப் பேந்து என்ன நடந்தது?”

“அது புத்தகத்தில இல்லை மாமா. நடவுங்கோ.”

அடுத்த நாளும் கேட்டார். அதற்கடுத்த நாளும் கேட்டார். மாணவனின் ஐயத்தைத் தீர்ப்பது ஆசிரியையின் கடமையல்லவா, நான் நூலகத்துக்குப் போய் வேறொரு தடித்த புத்தகத்தைப் புரட்டி வந்தேன்.

“ஒண்டும் நடக்கேல்லை மாமா. தண்டனை இல்லை.”

“ஒண்டும் செய்யேல்லையோ?”

“இல்லை. அவருக்கு எப்பிடித் தெரியும் எண்டு விட்டிட்டினம்.”

“ஆரும் ஏசக்கூட இல்லையோ?”

ஏசினார்களா என்று புத்தகம் சொல்லவில்லை. மாமா பிரிட்ஜில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். விமானங்களின் எண்ணிக்கை மறந்துவிட்டது என்று நினைத்தேன். பரீட்சைக்கு இன்னும் மூன்று நாள்தான். இரக்கப்பட்டு, “ஒண்டு, மாமா” என்று எடுத்துக் கொடுத்தேன்.

கடைசி ஒத்திகையில் ஒரு பிழையும் விடாமல் சொன்னார். அப்பா எழுந்து அவருக்குக் கைகொடுத்தார். எனக்குத் தெருமுனை டெப்பனர் கடையில் சொக்லட் வாங்கித் தந்தார். என் வாழ்க்கையில் கற்பித்தலுக்குக் கிடைத்த ஊதியம் அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை என் எக்ஸ்போசே. இருபதுக்குப் பத்தொன்பதரை. கடைசி நிமிடத்தில் வலது கை என்னைக் கேட்காமல் பொக்கெற்றுக்குள் போய்விட்டது.

வியாழக்கிழமை மாமாவின் விசாரணை. அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மா கூடப் போனார். நான் பள்ளியால் வந்தபோது மாமா சுவர்ப் பக்கம் திரும்பிச் செற்றியில் படுத்திருந்தார். அம்மா குளிர்க்கோட்டைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் இருந்தார்.

“திகதி சரியாச் சொன்னவரோ?” என்றேன்.

அம்மா சிரித்தார். பிறகு மப்ளரால் கண்ணைத் துடைத்தார். பிறகு மறுபடி சிரித்தார். இந்த ஒழுங்கில் அவரை நான் அதற்குமுன் கண்டதில்லை.

விசாரித்தவர் வயதான பெண்மணியாம். முதல் கேள்வியே திகதிதானாம். மாமா கண்ணை மூடினாராம். அந்த இடத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்தது, அவர் வாசற்கதவுக்குப் போயிருக்கிறார்.

“டிசம்பர் ஏழு எண்டான். ஞாயிற்றுக்கிழமை, காலமை ஏழு அம்பத்தஞ்சு எண்டான். மொழிபெயர்க்க வந்த பெடியன் திருப்பிக் கேட்டவன். திருப்பியும் அதையே சொன்னான். லோயர் இருமினார். எத்தினை பிளேன் எண்டு அந்த மனிசி கேக்க, முந்நூத்தம்பத்து மூண்டு எண்டான்.”

“ஐயோ” என்றேன்.

“மனிசி பேனையை வச்சிட்டுது. இதை ஆர் சொல்லித் தந்தது எண்டு கேட்டுது. அக்காவின்ரை மகள், எங்கள் ரெண்டு பேருக்கும் இந்தக் கிழமை சோதினை எண்டான். அந்த மனிசி சிரிக்கேல்லை. திகதியை விடுங்கோ, முதல்ல காதில என்ன சத்தம் கேட்டது எண்டு சொல்லுங்கோ எண்டுது.”

அதற்குப் பிறகு மாமா அரை மணித்தியாலம் பேசினாராம். தாளில் இல்லாததையெல்லாம் பேசினாராம்.

“எனக்கே சொல்லாததை ஆரோ ஒரு வெள்ளைக்காரிக்குச் சொன்னான். பிளேன் சத்தம் கேட்டதாம். பெண்சாதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, பங்கருக்குள்ள போவமோ எண்டு கேட்டவளாம். அது எங்கயோ தூரப் போறது, நீ உன்ரை அலுவலைப் பார் எண்டு சொல்லிப்போட்டு இவன் கடைக்குப் போனவனாம்.”

அம்மா அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. திகதி பிழை, எண்ணிக்கை பிழை. வேறென்ன கேட்க இருக்கிறது? போய்ச் செற்றிக்குப் பக்கத்தில் நின்றேன்.

“மாமா, அது என்ரை திகதி.”

“ஓம் பிள்ளை” என்றார், சுவரைப் பார்த்தபடியே. “கதவைத் திறந்தன். அதுதான் நிண்டது.”

மாசியில் கடிதம் வந்தது. மாமாவின் கோரிக்கையை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அப்பா கடிதத்தை மூன்று தரமும் உறையிலிருந்த முத்திரையை ஒரு தரமும் வாசித்தார். சனிக்கிழமை அம்மா இடியப்பமும் கணவாய்க் கறியும் சமைத்தார். மேல்மாடி வீட்டுக்காரர் மனைவியோடு வந்தார். மேசை நடுவில் பெரிய கேக். எல்லோரும் மாமாவின் முதுகில் தட்டினார்கள். அவரும் தட்டுவதற்கு வசதியாகக் குனிந்து நின்றார்.

எனக்கு மட்டும் மனம் ஆறவில்லை. கேக் வெட்டியதும் கேட்டேவிட்டேன்.

“திகதி பிழை விட்டவருக்கு எப்பிடிப் பாஸ் போட்டினம்? பொக்கெற்றில கை வச்சதுக்கே எனக்கு அரைப் புள்ளி வெட்டினவ.”

மேல்மாடிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் மனைவியும் சிரித்தார். சிரிப்பைக் கேட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது. அந்த வியாதி பின்னாளில் தொழிலாகவே ஆகிவிட்டது.

“சரியான விடை எனக்குத் தெரியும்” என்றேன்.

“எடி, இருந்து சாப்பிடு” என்றார் அம்மா.

“விடு அக்கா, சொல்லட்டும்” என்றார் மாமா.

எழுந்து நின்றேன். திகதியைச் சொன்னேன். கிழமையைச் சொன்னேன். நேரத்தை, ஊரை, வீடிருந்த ஒழுங்கையைச் சொன்னேன். விமானம் ஒன்று. இறந்தவர்கள் இரண்டு: ஒரு பெண், வயது முப்பத்தொன்று, ஒரு சிறுமி, வயது ஆறு. நிறுத்த வேண்டிய இடங்களில் நிறுத்தினேன். சபையில் ஒவ்வொருவர் கண்ணையும் பார்த்தேன், மாமாவின் கண்ணையும். இரண்டு கைகளும் வெளியே இருந்தன. மெர்சி என்று முடித்தேன்.

ஒருவரும் கைதட்டவில்லை. மேல்மாடிக்காரர் வாய்வரை கொண்டுபோன கேக்கை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா எழுந்து குசினிக்குள் போனார். தண்ணீர்க் குழாயைத் திறந்த சத்தம் கேட்டது.

“ஒரு பிழையும் இல்லை” என்றார் மாமா.

பேச்சு மிக நன்றாக அமைந்துவிட்டால் சபை சில வேளைகளில் கைதட்ட மறந்துவிடும் என்று மதாம் சொல்லியிருந்தார். அதுதான் நடந்திருக்கிறது என்று எனக்கு விளங்கியது. திருப்தியோடு உட்கார்ந்து, இன்னொரு துண்டு கேக் கேட்டேன்.