ஜேக்கப் ஐயா சத்தியம் பண்ணமாட்டார்

இரண்டு பேர் கதைக்கும்போது நடுவில் நின்று இரு பக்கத்தாலும் ஏச்சு வாங்குவதற்குச் சம்பளம் தருவார்களானால், அந்த உத்தியோகத்துக்குப் பெயர் மொழிபெயர்ப்பாளர். அதைச் செய்து பார்த்தவர்கள் என் பக்கத்தில் வந்து இருந்துகொள்ளலாம், மற்றவர்கள் சிரிக்கலாம்.

சண்டைக் காலத்தில் நாலு வருஷம், வெள்ளவத்தையில் ஜேக்கப் ஐயா என்ற கனடாக்கார மிஷனரிக்குத் தமிழிலும் சிங்களத்திலும் நானே வாய். அவர் மெனோனைற் சபைக்காரர். அவர்கள் துவக்குத் தொடமாட்டார்கள், பட்டாளத்தில் சேரமாட்டார்கள், சத்தியமும் பண்ணமாட்டார்கள். எப்போதும் உண்மை பேசுகிறவனுக்குத் தனியாக ஒரு சத்தியம் எதற்கு என்பது அவர்கள் வாதம். அவர்களுடைய முன்னோரில் பலர் ஒல்லாந்தர். மற்ற ஒல்லாந்தர் பீரங்கியோடு வந்து கொழும்பைப் பிடித்தபோது இவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அக்கா வைத்த தவணை

யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு கொழும்பில் அறை எடுத்திருப்பவன் பொலிஸில் பதிந்திருக்க வேண்டும். என் பதிவு முடிந்துபோயிருந்தது. புதுப்பிக்கப் போனால், உன்னை வேலைக்கு வைத்திருப்பவர் சமாதான நீதவான் முன்னால் சத்தியம் பண்ணித் தரும் ஒரு சத்தியக் கடதாசி வாங்கி வா என்றார் பொறுப்பதிகாரி. அது இல்லாவிட்டால் அறை போகும். அறை போனால் வேலையும் போகும். அதற்குப் பிறகு ஒரு சுற்றிவளைப்பில் அகப்பட்டால், நான் ஏன் கொழும்பில் நிற்கிறேன் என்பதற்கு என்னிடமே பதில் இருக்காது.

வீட்டுக்காரப் பரமேஸ்வரி அக்காவிடம் நிலைமையை விளக்கினேன். அக்கா மீன் வெட்டுவதை நிறுத்தாமலே சொன்னா: “தம்பி, நீர் தங்கமான பிள்ளை. வெள்ளிக்கிழமைக்குள்ள பொலிஸ் துண்டு வரேல்லையெண்டால், சனிக்கிழமை அந்தத் தங்கத்தை வேற எங்கையாவது கொண்டுபோய் வையும்.”

கொட்டாஞ்சேனையில் குளிர்

திங்கட்கிழமை எனக்காக நிற்கவில்லை. வழக்கமான வேலை இருந்தது. கனடாவில் சபைப் பெண்கள் துண்டுத் துணிகளைச் சேர்த்துக் கையால் தைத்தனுப்பிய போர்வைகளை, கொட்டாஞ்சேனை மண்டபமொன்றில் தங்கியிருந்த அகதிகளுக்குக் கொடுக்கவேண்டும். ஒவ்வொன்றும் ஒரு மெத்தையின் தடிப்பு. அது ஏப்ரல் மாதம். மின்விசிறியும் வேலை செய்யவில்லை.

போர்வையை வாங்கிய பெண் அதைக் கையில் நிறுத்துப் பார்த்தாள். பிறகு நீளமாக ஏதோ சொன்னாள். “நன்றி என்கிறார்” என்று மொழிபெயர்த்தேன். ஜேக்கப் ஐயா பூரித்துப்போனார். அவள் உண்மையில் சொன்னது: “ஐயாவுக்குச் சொல்லுங்கோ தம்பி, எங்கட வீடு சண்டையால போனது, பனியால இல்லை.”

சென்றியில் கத்தரிக்கோல்

புதன்கிழமை சமாதான நீதவான் ஒருவரிடம் போவதற்காக இருவரும் கோடுகச்சேரி இருக்கும் புதுக்கடைக்கு ஓட்டோவில் கிளம்பினோம். ஐயாவிடம் ‘ஒரு கடதாசி விஷயம்’ என்று மட்டும் சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் வரும் ‘சத்திய’ என்ற சொல்லை நான் மொழிபெயர்க்கவில்லை. வழியில் ஆமிச் சென்றியில் சோதனைக்கு மறித்தார்கள். பையில் ஆபத்தான சாமான் ஏதும் இருக்கா என்று ஆமிக்காரர் சிங்களத்தில் கேட்டார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ஐயா கண்ணை மூடி யோசித்தார். “ஆறு கத்தரிக்கோல், தையல் வகுப்புக்கு. ஐந்நூறு ஊசி. ஒரு போத்தல் இருமல் மருந்து. அளவுக்கு மேல் குடித்தால் கூடாது.”

நான் ஆமிக்காரரிடம் “நே”, இல்லை, என்றேன்.

“பிரதர், நான் சொன்னது இவ்வளவு சின்னதில்லையே” என்று ஐயா தானே பையைத் திறந்து காட்டினார். ஊசிகளை எண்ணி முடிப்பதற்குள் நீதவான் வீட்டுக்குப் போய்விட்டார். பையைத் திருப்பித் தந்த ஆமிக்காரர் என்னிடம் பரிதாபமாகச் சொன்னார்: “மாத்தயா, இந்த வெள்ளைக்காரருக்கு முதல்ல பொய் சொல்லப் பழக்குங்க.”

சமாதான நீதவான்

வியாழக்கிழமை ஆளைப் பிடித்துவிட்டோம். நீதவானும் ஆங்கிலம், ஐயாவும் ஆங்கிலம். நடுவில் புகுந்து திருத்துவதற்கு எனக்கு இடமே இல்லை.

“கிறிஸ்தவர் என்றால் சத்தியம். இந்து, பௌத்தர் என்றால் உறுதிமொழி. நீங்கள்?”

“கிறிஸ்தவன். உறுதிமொழி தருகிறேன்.”

“அப்படியென்றால் கிறிஸ்தவர் இல்லையா?”

“கிறிஸ்தவன் என்றபடியால்தான்.”

நீதவான் பேனையை மூடினார். எனக்குச் சனிக்கிழமை கண்ணுக்குத் தெரிந்தது. கிளாக்கர் என் காதுக்குள், “ஐயா ஒரு கால் மணித்தியாலத்துக்கு இந்துவா இருந்தால் என்ன குறைஞ்சு போகும்? நாங்கள் இருக்கிறம்தானே” என்றார். கேட்டுப் பார்த்தேன். அதுவும் பொய்தானே பிரதர் என்று ஐயா அன்போடு மறுத்துவிட்டார்.

வாசிப்புப் பழக்கம் வாழ்க்கையில் ஒருமுறையாவது உதவவேண்டும். இப்படிப்பட்ட ஆட்களிடம் இங்கிலீஷ்காரர் தங்கள் நாட்டிலேயே நிறையப் பட்டிருப்பதால், அவர்கள் இங்கே எழுதிவைத்த சட்டத்தில் எங்காவது ஒரு வழி விட்டிருப்பார்கள் என்றேன். கிளாக்கர் தூசி தட்டிப் புத்தகத்தை எடுத்தார். இருந்தது: மனச்சாட்சி இடங்கொடாதவர் எந்த மதத்தவரானாலும் உறுதிமொழி கொடுக்கலாம். நீதவான் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: “முப்பது வருஷமா, சத்தியம் பண்ணிப்போட்டுப் பொய் சொல்லுற ஆக்களைத்தான் பார்த்தனான். சத்தியம் பண்ணாமல் உண்மை சொல்லுறதுக்கு இவ்வளவு கரைச்சல் எண்டு எனக்குத் தெரியாது.”

வெட்டிய வரி

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் ஐயா கையெழுத்து வைக்குமுன் நான் தட்டச்சுச் செய்திருந்ததை வரிவரியாக வாசித்தார். நாலு வருஷம் வேலை செய்கிறார், சரி. ஒழுங்கானவர், சரி. ‘ஒருபோதும் பொய் சொல்லாதவர்.’ பேனை நின்றது. “பிரதர், என் பத்துச் சொல் உங்கள் வாயில் ஒரு சொல்லாகும்போது, மிச்ச ஒன்பதும் எங்கே போகின்றன என்று நான் யோசிப்பதுண்டு” என்று அந்த வரியை வெட்டி, பக்கத்தில் ஒப்பமும் வைத்தார்.

வெள்ளிக்கிழமை பொறுப்பதிகாரியின் கண் நேராக வெட்டிய இடத்துக்குத்தான் போனது. அதில் என்ன இருந்தது என்றார். பொய் சொல்ல வாய் எடுத்தேன், வரவில்லை. என் சொந்த வெட்டுப்பட்ட வரியைச் சிங்களத்தில் அவருக்குச் சொன்னேன். நான் சொல்லுக்குச் சொல் சரியாகச் செய்த ஒரே மொழிபெயர்ப்பு அதுதான். அவர் கதிரையில் சாய்ந்து சிரித்தார், கண்ணைத் துடைத்தார், முத்திரையைக் குத்தினார். “இங்கே வருகிற கடதாசியில் எல்லாரும் தேவர்கள். இந்த ஐயா வெட்டக்கூடியதை வெட்டியிருக்கிறார். அப்படியென்றால் வெட்டாததெல்லாம் உண்மை. போ.”

என் நன்னடத்தைக்கு இன்றுவரை எத்தனையோ பேர் சான்றிதழ் தந்திருக்கிறார்கள், ஆனால் ஒருவராவது நம்பியது, ஒரு வரி வெட்டுப்பட்டு என்னைப் பாதி நல்லவனாக்கிய அந்தக் கடதாசியை மட்டுந்தான்.