நாற்காலி டாக்டரும் பஸ் டிரைவரும்

ரெண்டாவது மாடியில இருக்கிற மனசு டாக்டருக்கு அந்தத் தெரு வெச்ச பேரு நாற்காலி டாக்டர்.

அவர் ரூமுல மூணு நாற்காலி சும்மா கிடக்கும். வர்றவர் "எங்கப்பா வளர்த்த லட்சணம் சார், அதான் இப்படி"ன்னு ஆரம்பிச்சா, மனுஷன் எந்திரிச்சு ஒரு நாற்காலியைத் தூக்கி வராந்தாவுல வெச்சுட்டு வருவார். "அப்பா வெளிய உட்காரட்டும். மிச்சத்தைச் சொல்லுங்க." மேனேஜர், மாமியார், ஜாதகம், எல்லாருக்கும் அதே மரியாதைதான். "அவங்க பண்ணதெல்லாம் நிஜமாவே இருக்கட்டும். ஓங்கின கை யாருது?" அவர் படிச்ச மொத்தப் படிப்பும் அந்த ஒரு கேள்விதான்.

ஆறு வாரமா ஒரு பஸ் டிரைவர் வந்துட்டிருந்தார். பொண்டாட்டியைக் கை நீட்டி அடிச்சுட்டார். அந்தம்மா பொறந்த வீட்டுக்குப் போயிட்டாங்க. "டாக்டர்கிட்ட உண்மையப் பேசு. அப்புறம் உன்கூடப் பேசறதா வேண்டாமான்னு நான் யோசிக்கிறேன்"னு சொல்லிட்டாங்க. இவரானா வாரா வாரம் டிராஃபிக்கு, டிப்போ, மச்சான்னு அடுக்குவார். வராந்தாவுல நடக்க வழி இருக்காது.

ஏழாவது வாரம், மத்தியானம் மூணு மணி. ஜன்னல் திரை வயிறு உப்பி உப்பி அடங்குது. டிரைவர் குரல் தூரத்துல ஓடற இன்ஜின் மாதிரி. டாக்டர் அப்படியே மிதந்து போனார். தண்ணி மேல ஒரு பஸ் போகுது. ஜன்னலுக்கு ஜன்னல் வெள்ளைத் திரை. சீட்டெல்லாம் அவரோட நாற்காலிங்க. ஓட்டறது யாருன்னு கேட்டா, உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் சிரிச்சுக்கிட்டே "நான் இல்லப்பா"ங்கிறாங்க.

முழிச்சா எதிர்ல ஆள் இல்ல. ரிசப்ஷன் அக்கா வாசல்ல நிக்கிறாங்க.

"போயிட்டார் சார். இனிமே வரலையாம். 'நான்தான் அடிச்சேன், வேற யாரும் காரணமில்ல'ன்னு இன்னைக்குத்தான் முதல்முறையா சொன்னாராம். சொல்லிட்டு நிமிர்ந்து பார்த்தா உங்க குறட்டையாம்."

"சளி மாத்திரைம்மா. நீங்கதானே கொடுத்தீங்க?"

அக்கா ஒரு நாற்காலியைத் தூக்கி வராந்தாவுல வெச்சாங்க.

"சாப்பாடு வேற கொஞ்சம் கூடிப்போச்சு..."

ரெண்டாவது நாற்காலி.

"இந்த ஃபேன் சத்தம் இருக்கே, தாலாட்டு மாதிரி..."

மூணாவதும் போச்சு. டாக்டர் செருப்பை மாட்டினார்.

சாயங்காலம் அந்த டிரைவர் ஓட்டற பஸ்ஸையே பார்த்து ஏறினார். மஞ்ச வெயில்ல பஸ் ஆடி அசைஞ்சு போகுது. இதுவும் கனவோன்னு அவருக்கே சந்தேகம். கம்பியைப் பிடிச்சு டிரைவர் பக்கத்துல போய் நின்னார்.

"தூங்கிட்டேன்."

டிரைவர் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கல. "ஏன், மாத்திரை ஏதாவது போட்டீங்களா?"

டாக்டருக்கு 'ஆமா'ன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. முழுங்கினார்.

"இல்ல. நீங்க அவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்றப்ப நான்தான் தூங்கிட்டேன். தப்பு என்னுது."

மூணு ஸ்டாப் போச்சு. ஆளுங்க இறங்கினாங்க, ஏறினாங்க. நாலாவது ஸ்டாப்புல டிரைவர் கண்ணாடியில டாக்டரைப் பார்த்தார்.

"கடைசி ஸ்டாப்புல பத்து நிமிஷம் வண்டி நிக்கும். திரும்ப ஒரு தடவை சொல்றேன்."

டாக்டர் பக்கத்துல காலியா இருந்த சீட்டுல உட்காரப் போனார்.

"உட்காராதீங்க சார்"னார் டிரைவர். "நின்னுக்கிட்டே கேளுங்க."